கஞ்சி கொண்டு வா

கொதி வந்ததும் தீயைக் குறைக்க வேண்டும், குறைத்த பிறகு கையெடுக்காமல் கிண்ட வேண்டும், கை நின்றால் அடிப்பிடிக்கும். இந்த நான்கு நாளில் மாசானமுத்து கற்றுக்கொண்டது இவ்வளவுதான். கற்றும் மூன்று தடவை அடிப்பிடித்துவிட்டது. இப்போது மணி பத்து இருபது. மத்தியானத்துக்குள் அரை டம்ளராவது உள்ளே போக வேண்டும், போனது தங்கவும் வேண்டும், இல்லையென்றால் நாலு மணிக்கு அழைத்துக்கொண்டு வந்துவிடுங்கள், மறுபடி மூக்கில் குழாய் போட்டுத்தான் ஆகாரம் இறக்க வேண்டும் என்று டாக்டர் காலையில் போனில் சொல்லிவிட்டார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது கேட்டிருக்கலாம். வண்டி இத்தனை மணிக்குக் கிளம்பும் என்று பயணியிடம் சொல்வதுபோலச் சொன்னார். முப்பத்து மூன்று வருடமாகப் பேருந்து நிலையத்தில் டைம் கீப்பராக உட்கார்ந்து அதே குரலில் ஊருக்கெல்லாம் நேரம் சொன்னவருக்கு அந்தக் குரலோடு வாதாட முடியாது என்பது தெரியும். நாலு மணி என்றால் நாலு மணி. குடலில் முடிச்சு விழுந்து அறுவை செய்த ஆஸ்பத்திரியில் மனைவி உலகம்மாளுக்குப் பதினொரு நாள் அந்தக் குழாய் மூக்கில் இருந்தது. வீட்டுக்கு அனுப்பிய அன்று, ஆட்டோவில் ஏற்றும்போது, அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, “அந்தக் குழாயை மட்டும் இனிமே போட விட்டுறாதீய. போட்டா நான் திரும்பி வரமாட்டேன்” என்றாள். சரி என்றார். ஆட்டோக்காரன் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தான், அதனால் சரி என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அந்தச் சரிக்கு இன்றைக்கு நாலு மணி வரைதான் ஆயுள். ஆயுள் என்ற சொல் எங்கிருந்து வந்தது. காலையிலிருந்து எந்தச் சொல்லைத் தொட்டாலும் அந்தப் பக்கமே போகிறது. கரண்டியை வேகமாகக் கிண்டினார். நொய் இன்னும் உடையவில்லை, தண்ணீர் தனியாகவும் அரிசி தனியாகவும் ஒன்றையொன்று தெரியாதவர்கள் போலச் சுற்றிக்கொண்டிருந்தன.

முன்னறைக் கட்டிலில் அவள் சுவரைப் பார்த்துக் கிடந்தாள். அடுக்களையில் நின்றால் கால்கள் மட்டும் தெரியும். போர்வைக்கு வெளியே இரண்டு பாதம், மெட்டி தளர்ந்து விரல் நுனிக்கு வந்துவிட்டது. மூச்சு விடுகிறாளா என்று பாதத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஆனாலும் பாதத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் நாள் முதல் கரண்டி கொடுத்தபோது வாங்கினாளே. வாங்கி வாயிலேயே வைத்திருந்தாள். அவர் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். காய்ச்சல் கண்ணில்லை, மயக்கமில்லை, கல்யாணமான புதிதில் சம்பளக் கவரைக் கையில் வாங்கிக்கொண்டு பார்ப்பாளே அதுபோலத் தெளிவான பார்வை. பிறகு விழுங்கினாள். விழுங்கிவிட்டுத் திரும்பிப் படுத்தாள். அவ்வளவுதான், அதற்குப் பிறகு இளநீரும் தண்ணீரும் தவிர ஒன்றும் இல்லை. கஞ்சி என்றால் உதடு பூட்டிக்கொள்கிறது. வலிக்குதா என்றால் இல்லை. குமட்டுதா என்றால் இல்லை. பிறகு ஏன் என்றால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். புழுங்கலரிசியில் காய்ச்சினார், பச்சரிசியில் காய்ச்சினார், வறுத்துக் காய்ச்சினார், துணியில் வடிகட்டிப் பால் போலக் கொடுத்தார். டாக்டர் சொன்னபடி வேறு எதுவும் போடாமல் வெறும் கஞ்சி. வெறும் கஞ்சியைக் கெடுக்க என்ன இருக்கிறது. அடிப்பிடித்த வாசனையாக இருக்கலாம். இரண்டாம் நாள் அவளே பேசினாள். “டாக்டர் உங்ககிட்டத் தனியா என்ன சொன்னாரு?” என்றாள். “ஒண்ணும் சொல்லல. வெறும் கஞ்சி குடுக்கச் சொன்னாரு.” அதைக் கேட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, “செம்பகத்துக்குச் சொல்லியாச்சா?” என்றாள். செண்பகம் அவர்கள் மகள், ஓசூரில் இருக்கிறாள், அறுவைக்கு வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் பிள்ளைக்குப் பரீட்சை என்று போனவள். வீட்டுக்கு வந்துவிட்டோம் என்று அவளுக்குச் சொல்லியாகிவிட்டதா என்று கேட்கிறாள் என நினைத்து, “எல்லாம் சொல்லியாச்சு” என்றார். “சரி” என்றாள் உலகம்மாள். அந்தச் சரியும் அவருடைய சரி மாதிரியே இருந்தது. மூன்றாம் நாள் அரக்குப் பட்டுச் சேலையை வெயிலில் காட்டி மடித்து வைக்கச் சொன்னாள். எதற்கு என்று கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டுமோ. மொட்டைமாடிக் கொடியில் சேலை ஆடியபோது கீழே நின்று பார்த்தால் யாரோ உயரமானவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பது போல இருந்தது.

டாக்டர் போனை வைத்த பிறகு, தன் கையால் இனி முடியாது என்பது தெளிவானதும், பிரமாச்சியைக் கூப்பிட்டார். உலகம்மாளின் தங்கை. கல்லடிப்பத்தில் இருக்கிறாள், பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. அக்காளும் தங்கையும் பேசி இரண்டு வருடமாகிறது. பிரமாச்சி தன் நாத்தனார் மகனுக்குச் செண்பகத்தைக் கேட்டதும், செண்பகம் மாட்டேன் என்றதும் பழைய கதை, அது ஆறிப்போயிருக்கும். ஆனால் கோயில் கொடை விழாவில், பந்தி நடக்கிற இடத்தில், “எம்மக படிச்ச படிப்புக்கு உன் நாத்தனா மவன் வாசல்ல நிக்கக்கூடப் பத்தாது” என்று உலகம்மாள் சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, “ஏன் அப்படிச் சொன்னேன், ஏன் அப்படிச் சொன்னேன்” என்று இரண்டு நாள் புலம்பினாள். போய்ச் சொல்லிவிட்டு வா என்றால் மட்டும் வீம்பு. ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் தங்கச்சிக்குச் சொல்ல வேண்டாம் என்று தடுத்துவிட்டாள். அதனால் பிரமாச்சிக்கு ஒன்றும் தெரியாது. அவள் போனை எடுத்ததும் முதலில் இருந்து ஒழுங்காகச் சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் வரிசைப்படுத்தித்தான் வைத்திருந்தார். வயிற்று வலி, ஆஸ்பத்திரி, அறுவை, பிழைத்துவிட்டாள், சாப்பிட மாட்டேன் என்கிறாள், நீ வந்து காய்ச்சிக் கொடு. அவள், “என்ன அத்தான், அதிசயமா” என்றாள். அந்த அத்தான் என்ற ஒரு சொல்லில், இரண்டு வருடமாகக் கேட்காத சொல்லில், வரிசை கலைந்துவிட்டது. அழக்கூடாது என்று நினைத்தால் குரல் அழுவது போலத்தானே வரும். “பிரமாச்சி, உங்கக்கா…” என்றார். மேலே வரவில்லை. “அக்காவுக்கு என்ன? அத்தான்? என்ன?” என்று அவள் கத்தினாள். “கஞ்சி கொண்டு வா” என்றார். அந்தப் பக்கம் ஏதோ கீழே விழுந்த சத்தம், பாத்திரமோ போனோ, பிறகு தொடர்பு அறுந்துவிட்டது. சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்ட நிம்மதியில் அவர் நொய்யைக் களையப் போனார். இரண்டாவது தண்ணீரை ஊற்றும்போதுதான் கை நின்றது.

கஞ்சி காய்ச்சிக் கொடு என்றா சொன்னேன், கொண்டு வா என்றா. காய்ச்சி என்ற சொல் வந்ததா. வந்திருக்கும். வரவில்லை. கொண்டு வா என்றுதான் சொன்னேன். உங்கக்கா, கஞ்சி கொண்டு வா. வேறு ஒரு வார்த்தை முன்னேயும் இல்லை பின்னேயும் இல்லை. உலகம்மாள் பிறந்த ஊரில் சாவு விழுந்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை, கூடப்பிறந்தவர்கள் வீட்டிலிருந்து பித்தளைத் தூக்குவாளியில் கஞ்சி வரும். செத்துப்போனாள் என்று அங்கே யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. இன்னார் வீட்டுக்குக் கஞ்சி கொண்டு போகணும் என்பார்கள், கேட்டவர் அப்படியே உட்கார்ந்துவிடுவார். காய்ச்சலில் கிடப்பவனுக்கு என்றால் கஞ்சி வச்சுக் குடு என்பார்கள், கஞ்சி ஊத்து என்பார்கள், கொண்டு என்ற சொல்லைப் பக்கத்தில் வைக்க மாட்டார்கள். தெரியாதவர் இல்லை அவர். திருநெல்வேலி டவுனில் பிறந்து வளர்ந்தவர்தான், ஆனால் அந்த ஊரில் பெண்ணெடுத்து முப்பத்தோரு வருடமாகிறது. மணமான வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சமைக்க அலுப்பாக இருக்கிறது என்று உலகம்மாள் சொன்னதற்கு, “உங்க அம்மா வீட்டுல இருந்து கஞ்சி கொண்டு வரச் சொல்லேன்” என்று விளையாட்டாகச் சொன்னார். அவள் ஓடிவந்து உள்ளங்கையால் அவர் வாயைப் பொத்தினாள். கையில் வெங்காய வாசனை. “இனிமே சொல்லாதீய” என்றாள், கண் கலங்கியிருந்தது, ஒரு சொல்லுக்கு இவ்வளவா என்று அவர் சிரித்தார். அந்தக் கை இப்போது எங்கே போயிற்று. மாமியார் இறந்தபோது அந்தத் தூக்கு தெருவில் வருவதைப் பார்த்திருக்கிறார். வாசலில் பந்தல், ஆண்கள் நாற்காலியில் வரிசையாக, ஆளுக்கொரு பக்கமாகப் பிரித்த பேப்பர். பசித்தால் அவர்கள் முக்குக் கடைக்குப் போய் இட்லி தின்றுவிட்டு வருவார்கள். தூக்கு நேராக உள்ளே போய்விடும். உள்ளே பெண்கள் அதை என்ன செய்கிறார்கள், யார் யாருக்கு ஊற்றுகிறார்கள் என்று எந்த ஆணும் எட்டிப் பார்த்ததில்லை, இவரும் பார்த்ததில்லை. இவருக்குத் தெரிந்தது அந்தச் சொல் மட்டும்தான். அதையும் இன்றைக்கு விட்டெறிந்தாகிவிட்டது.

உடனே திரும்பக் கூப்பிட்டார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி. மறுபடி. எட்டுத் தடவை. சாவு கேட்டவள் போனை எடுத்துக்கொண்டா கிளம்புவாள். சார்ஜில் கிடக்கும், இல்லை அந்த விழுந்த சத்தமே அதுதான். அக்கம்பக்கத்தில் வேறு யார் எண்ணும் அவரிடம் இல்லை, எல்லாம் உலகம்மாளின் போனில், அந்தப் போன் ஆஸ்பத்திரிக் களேபரத்தில் தொலைந்துவிட்டது. கல்லடிப்பத்தில் இருந்து பத்து இருபத்தைந்துக்கு வண்டி. பாளையங்கோட்டை மார்க்கெட் பதினொன்று முப்பத்தைந்து. அங்கிருந்து இந்தத் தெருவுக்கு நடை எட்டு நிமிடம், அழுதுகொண்டு வருகிறவள் ஓடித்தான் வருவாள், ஆறு. பதினொன்று நாற்பத்தொன்றுக்குக் கீழே தெருமுனையில் ஒப்பாரி கேட்கும். மாடிப்படி பதினாறு. இங்கே கட்டிலில் கிடப்பவள் தன் சாவுக்குத் தன் தங்கை அழுவதைக் கேட்பாள். ஏற்கெனவே பாதி போனவள். மீதியை இவர் போன் போட்டு முடித்துவைத்தார். ஒரு கையில் கரண்டியோடு இன்னொரு கையால் பேருந்து நிலையத்துக்கு அடித்தார். அந்தோணி எடுத்தான், இவருக்குப் பதிலாக உட்கார்ந்திருப்பவன். “கல்லடிப்பத்து வண்டி எடுத்துட்டானா?” “என்ன சார், லீவுலயும் டைம் கேக்குதீய? வீட்டுல உக்காந்து வண்டி நோட்டு எழுதுதீயளோ?” “எடுத்துட்டானா சொல்லு.” “ஒரு நிமிசம்… பத்து இருபத்தஞ்சுக்கு எடுத்துட்டானாம். கரெக்ட் டைம்.” பத்து வருடத்தில் அந்த வண்டி நேரத்துக்குக் கிளம்பி அவர் பார்த்ததில்லை. டிரைவர் டீ குடிப்பான், கண்டக்டர் வெற்றிலை வாங்குவான், யாராவது ஆட்டுக்குட்டியை ஏற்றுவார்கள். மெமோ கொடுத்தும் திருந்தாத வண்டி. “கண்டக்டர் நம்பர் இருக்கா?” “புதுப்பையன் சார், நம்பர் வாங்கி வைக்கல. ஏதும் சாமான் வருதா?” என்ன சொல்வது. பித்தளைத் தூக்கோடு ஒருத்தி அழுதுகொண்டு உட்கார்ந்திருப்பாள், யாரும் சாகவில்லை என்று அவளிடம் சொல்லச் சொல் என்றா. “ஆமா, சாமான்தான்” என்றார். “மதினி எப்படி இருக்காவ சார்?” “இருக்கா.” போனை வைத்த பிறகும் அந்தச் சொல் வாயில் கிடந்தது. இருக்கா. நல்லா இருக்கா என்று முன்னால் ஒரு சொல்லைச் சேர்க்கக் கூடாதா. பெயருக்கு, ஒரு வழக்கத்துக்கு. சேர்க்கவில்லை. நாக்கு இன்றைக்குக் குறைத்துக் குறைத்தே பேசுகிறது, காய்ச்சியை விட்டது, நல்லாவை விட்டது, அடுத்தது எதை விடும்.

நாக்கு தானாகவா விட்டது. அதுதான் இப்போது கரண்டியோடு சேர்ந்து சுற்றிக்கொண்டிருந்தது. முப்பத்தோரு வருடம் விடாமல் காத்த சொல்லை அவசரத்தில் தவறவிட்டேன் என்று சொன்னால் யார் நம்புவார்கள். உள்ளே யாரோ ஏற்கெனவே நோட்டில் எழுதிவிட்டான், வாய் அதைப் படித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் ஏழாம் நாள், வராந்தாவில், கால் மரத்துப்போய் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது ஒன்று நினைத்தார். முடிவது என்றால் சீக்கிரம் முடிந்துவிட்டால் தேவலை என்று நினைத்தார். அவளுக்குத்தான் கஷ்டம் என்று உடனே பக்கத்தில் சேர்த்துக்கொண்டார். அவளுக்காகவா நினைத்தோம். முதுகு வலித்தது, நினைத்தோம். பக்கத்துக் கட்டில்காரியின் புருஷன் குறட்டை விட்டான், நினைத்தோம். அவள் மூக்கில் குழாயோடு இவரைப் பார்த்துக் கையாட்டிக் கூப்பிட்டபோது, பார்க்காதவர் மாதிரி ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், சுவரில் இருந்த கொசு மருந்து விளம்பரத்தைப் படித்துக்கொண்டிருந்தார். அந்த நிமிடம் எந்த நோட்டிலும் இல்லை. அவள் பார்த்திருப்பாளா. அதனால்தான் கஞ்சியை வாயில் வைத்துக்கொண்டு அப்படிப் பார்த்தாளா, உன்னைத் தெரியும் என்பது போல. இல்லை, அப்படியெல்லாம் இருக்காது. அப்படித்தான் இருக்கும். நொய் உடைந்து கெட்டியாகத் தொடங்கியது, குமிழ் வந்து புறங்கையில் தெறித்தது, சுரீரென்றது, கையை எடுக்கவில்லை. கையை எடுத்தால் அடிப்பிடிக்கும். இப்படிக் கிண்டிக்கொண்டே இருந்தால் நேரம் நகராது என்று ஒரு நினைப்பு, சின்னப் பிள்ளை நினைப்பு. நேரம் அவர் கிண்டாமலே நகர்ந்தது. பதினொன்று ஐந்து. வண்டி ஆற்றுப் பாலத்தில் இருக்கும். இறங்கிப்போய் மார்க்கெட் நிறுத்தத்தில் நின்று அவளைத் தடுத்துவிடலாம். போக எட்டு நிமிடம், வர எட்டு நிமிடம், வண்டி தாமதித்தால் இன்னும். அதற்குள் இவள் எழுந்திருக்கப் பார்த்து விழுந்தால். தையல் பிரிந்தால். வாய் திறந்து தண்ணீர் கேட்டு யாரும் இல்லாவிட்டால். வாசல் வரை போனார், செருப்பில் ஒரு காலை நுழைத்தார், திரும்பி வந்தார். அடுப்பைப் பார்த்தார், பாதத்தைப் பார்த்தார், மறுபடி வாசல். ஒரே ஆள் மூன்று இடத்தில் நிற்க வேண்டியிருந்தது, மூன்றிலும் நிற்கவில்லை. படியில் இறங்கி நடுவில் நின்று வாயைப் பொத்திவிடலாம் என்று கடைசியில் முடிவு செய்தார். வாயைப் பொத்துவது. உள்ளங்கையால்.

பதினொன்று முப்பத்தைந்துக்கு மார்க்கெட் பக்கம் ஹாரன் கேட்டது. அந்த வண்டியின் ஹாரன்தான், அவருக்குத் தெரியும். தீயைச் சிறிதாக்கிவிட்டுப் படிக்குப் போக அடி எடுத்து வைத்தபோது, “என்னங்க” என்று கட்டிலில் இருந்து குரல் வந்தது. இன்றைக்கு முதல் தடவையாகக் கூப்பிடுகிறாள். நின்றார். அவள் சுவரில் இருந்து திரும்பியிருந்தாள். அவ்வளவு சின்ன முகமாகிவிட்டது. “கொஞ்சம் உக்காருங்க” என்றாள். உட்கார முடியாது, ஆறு நிமிடம்தான் இருக்கிறது என்று எப்படிச் சொல்வது. உட்கார்ந்தார். கண் வாசல்மேல் இருந்தது. “யாருக்குப் போன் போட்டீய? காலையில.” “டாக்டருக்கு.” “அதுக்கப்புறம்.” “அந்தோணிக்கு.” “அழுத மாதிரி கேட்டுச்சு.” “சளி.” அவள் அவர் கையைப் பார்த்தாள், குமிழ் தெறித்துச் சிவந்திருந்த இடத்தை. அதைத் தொடவில்லை, பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாள். “உங்களுக்கு ஒண்ணு சொல்லணும்” என்றாள். “பொறவு நீங்க எப்படித் தனியா…” அவ்வளவில் நின்றுவிட்டது. எந்தப் பிறகு. இவருக்குக் காது முழுக்கத் தெருவில் இருந்தது. ஐந்து நிமிடம். நான்கு. இப்போதே சொல்லிவிட வேண்டும். பிரமாச்சி வருகிறாள், அழுதுகொண்டு வருவாள், என் வாய்த் தவறு, நீ ஒன்றும் நினைக்காதே என்று நாலு வார்த்தை. வாயைத் திறந்தார். அடுக்களையில் இருந்து தீய்ந்த வாசனை வந்தது. நான்காவது தடவை. எழுந்து ஓடினார். கரண்டி அடியில் சுரண்டியது, கறுப்பாகத் திரள் மேலே வந்தது. அதை வெறித்துக்கொண்டு நின்றபோதே, கீழே, தெருவில் கூட அல்ல, படியில், கேட்டது.

“என்னப் பெத்த யக்கா… ரெண்டு வருசம் வாயடைச்சுக் கெடந்தேனே… ஒரு வார்த்த பேசாமப் போயிட்டியே…” பதினாறு படியும் அந்தக் குரல் ஏறி வந்தது. அவர் கரண்டியோடு முன்னறைக்கு வந்தபோது பிரமாச்சி வாசலில் நின்றாள், தலை அவிழ்ந்து, வியர்வையில் ரவிக்கை நனைந்து, கையில் பித்தளைத் தூக்கு. அடுத்த வரிக்குத் திறந்த வாய் திறந்தபடி நின்றது. கட்டிலில் உலகம்மாள் கண்ணை விழித்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“யாருட்டி செத்தா?” என்றாள் உலகம்மாள்.

பிரமாச்சி அக்காளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், கரண்டியைப் பார்த்தாள். “அத்தான், நீங்கதான போன்ல…”

“ஒடம்பு சரியில்ல… நான் கஞ்சி காய்ச்சிக் குடுக்கத்தான்…”

“அந்தச் சொல்ல வெளாட்டுக்காச்சும் சொல்லுவாவளா? எங்க வீட்டுல பொண்ணு கட்டி முப்பது வருசம், ஊர்ப் பேச்சு ஒண்ணு படிக்கலையே! டைம் கீப்பராம் டைம் கீப்பர். ஒருத்திக்கு நேரம் வந்துச்சா வரலையான்னு பாக்கத் தெரியல. வண்டி பூரா அழுதுட்டு வாரேன். கண்டக்டர்ப் பய டிக்கெட்டு கேக்கவே பயந்துட்டான்.” சொல்லச் சொல்ல அவளுக்கு அழுகை மறுபடி வந்தது, இது வேறு அழுகை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். தூக்கை மட்டும் வாசலுக்கு வெளியே வைத்தாள், உள்ளே கொண்டுவரவில்லை.

“அவர வையாத” என்றாள் உலகம்மாள். “தெரிஞ்சுதான் சொல்லியிருக்காரு. நாலு நாளா எனக்குச் சாவுக்கஞ்சிதான குடுக்காரு.”

அவருக்குப் புரியவில்லை. பிரமாச்சிக்குச் சட்டென்று ஏதோ புரிந்தது. எழுந்து அடுக்களைக்குப் போனாள். சட்டியில் மேலாக விரலைத் தொட்டு நாக்கில் வைத்தாள். திரும்பி வந்து அவர் முன்னால் நின்றாள், இப்போது குரல் ஏறவில்லை. “உப்பு போடலையா அத்தான்?”

“டாக்டர் வெறும் கஞ்சின்னாரு. வேற எதுவும் போடாம.”

“வெறும் கஞ்சின்னா பால் ஊத்தாம, காய் போடாம. உப்பில்லாமயா? உப்பில்லாத கஞ்சி எந்த வீட்டுல வைப்பாவன்னு உங்களுக்குத் தெரியாது?”

தெரியாது. அது உள்ளே போய்விடும் தூக்கு. அது பெண்கள் பக்கம். அவர் பந்தலில் உட்கார்ந்து பேப்பர் படித்தவர். உலகம்மாள் சுவரைப் பார்க்காமல் அவரைப் பார்த்தே சொன்னாள், மூச்சு வாங்கி வாங்கி. “டாக்டர் உங்களத் தனியாக் கூப்பிட்டாரு. வெளிய வந்தீய. வீட்டுக்கு வந்து உப்பில்லாமக் குடுத்தீய. வாயால சொல்ல மாட்டாமக் கஞ்சியில சொல்லுதாருன்னு நெனச்சேன். ஏன் கேக்கணும், கேட்டா அழுவீயளேன்னு கேக்கல. சரி, இனி எதுக்குக் குடிக்கணும்.” நாலு நாள். மூன்று வேளை. பன்னிரண்டு தடவை அவர் ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் போய், குடி குடி என்று கெஞ்சி, நீ செத்துவிட்டாய் என்று சொல்லியிருக்கிறார். அவளும் பன்னிரண்டு தடவையும் அவர் அழுதுவிடக் கூடாதே என்று சும்மா இருந்திருக்கிறாள். கரண்டி கையில் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

“தூக்குல என்ன, நொய்யா?” என்றாள் உலகம்மாள்.

“நொய்தான். ஏன்?”

“இங்க கொண்டா.”

“யக்கா, அது ஆவாது. நான் போவும்போது தெருமுக்குல கொட்டிருதேன். புதுசா வச்சுத் தாரேன் இரு, அர மணி நேரம்.”

“எனக்குன்னுதான கொண்டு வந்த? அதுல உப்பப் போட்டா அது வேற கஞ்சி. போடு.”

“எங்கையால மாட்டேன். நீ கொன்னாலும் மாட்டேன்.”

“அவரு போடட்டும். அவருதான விட்டாரு.”

அடுப்பை அணைத்தார். உப்பு ஜாடி மேல் தட்டில் இருந்தது, நான்கு நாளும் அங்கேதான் இருந்திருக்கிறது. தூக்கை அவரேதான் வாசலைத் தாண்டி உள்ளே எடுத்தார், பிரமாச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூடியைத் திறந்ததும் ஆவி வந்தது, ஒரு மணி நேரப் பயணத்திலும் ஆறவில்லை. எவ்வளவு போடுவது. மூன்று விரலால் எடுத்தார், குறைவு போலத் தெரிந்தது, இன்னொரு தடவை எடுத்தார். கிண்ணத்தில் ஊற்றிக் கலக்கினார். உலகம்மாளின் தலையைத் தங்கை தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். முதல் கரண்டியை வாங்கினாள். வாயிலேயே வைத்திருந்தாள். முதல் நாள் போலவே அவர் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். மணி பன்னிரண்டு ஆறு. அரை டம்ளர் போக வேண்டும், போனது தங்க வேண்டும், நான்கு நாள் காய்ந்த குடல், வெளியே தள்ளிவிட்டால் நாலு மணிக்கு அந்தக் குழாய்தான், திரும்பி வரமாட்டேன் என்று அவள் சொன்ன இடம்தான். அவருக்குத் தன் மூச்சே சத்தமாகக் கேட்டது. அவள் தொண்டை அசைந்தது.

“கூடிப்போச்சு” என்றாள். சொல்லிவிட்டு வாயை மூடாமலே வைத்திருந்தாள்.